ஃப்ரீசருக்குப் போன தட்டைப்பயறு

சேலத்து ஆசிரியர்:

2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் இஸ்ரோ 8 தட்டைப்பயறு விதைகளை அனுப்பி, விண்வெளியில் 4 நாளில் முளைக்க வைத்தது அல்லவா? அதைச் செய்தியில் பார்த்துவிட்டு எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் "நாமும் செய்யலாம் சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். ராக்கெட்டுக்கு எங்கே போவது? செவ்வாய்ப்பேட்டையில் பயறு வாங்கிக் கூறு போட்டோம். ஒரு கூறு மொட்டைமாடித் தகரத்தின் மேல். ஒன்று ஃப்ரீசரில். இன்னொன்றை ஒரு மாணவி ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டி வீட்டிலேயே முளைகட்டினாள். மிச்சம் வகுப்பு அலமாரியில் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற பயறு எதற்கு என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அது இல்லாமல் எதோடு ஒப்பிடுவது?

தகரத்துப் பயறு சுமார். ஏற்காட்டுக் குளிரில் மெதுவாகத்தான் முளைவிட்டது; இந்தப் பயறுக்கு வெதுவெதுப்பு வேண்டும்.

ஃப்ரீசர் பயறு செத்திருக்கும் என்று வகுப்பே சொன்னது. ஈரத்துணியில் கட்டி வைத்தால், அலமாரிப் பயறுக்குச் சளைக்காமல் முளைத்தது! ஒரு பையன் மட்டும் நம்பவில்லை. இரவெல்லாம் ஊறவைத்த பயறை ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தான். வெளியே எடுத்த மறுநாள் கொழகொழவென்று ஆகி, நாற்றம் வேறு. எல்லாம் தண்ணீர் செய்யும் வேலை. காய்ந்த விதையில் உறைவதற்கு நீரே அதிகம் இல்லை. ஊறிய விதையிலோ நீர் பனிக்கட்டியாகிச் செல்களைக் கிழித்துவிடும்.

1984-ல் நாசா விண்ணுக்கு அனுப்பிய சுமார் 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகள் 1990-ல்தான் பூமிக்குத் திரும்பின. பள்ளிப் பிள்ளைகள் விதைத்தபோது அவையும் நன்றாகவே முளைத்தன. அத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கும் உலர்ந்த நிலை ஒரு பெரிய காரணம். அந்தச் செடியில் காய்த்த தக்காளி விஷமாக இருக்குமோ என்று அப்போது ஒரு பயம் கிளம்பியதாம். வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே!

மேக்னசைட் பக்கத்து அம்மா:

மேக்னசைட் என்கிற மெக்னீசியத் தாது கிடைக்கும் எங்கள் பக்கத்து வெள்ளை மண்ணில் என் மகள் இதே தட்டைப்பயறைப் போட்டாள் சார். முளைப்பதற்குக் குறையே இல்லை, விதைக்குள்ளேயே சாப்பாடு இருக்கிறதே. நாலு இலை விட்ட பிறகுதான் மஞ்சளடித்துச் சுணங்கிப்போனது. மெக்னீசியம் மிஞ்சிய மண்ணில் வேருக்குக் கால்சியம் சரியாகக் கிடைக்காது என்று அவள் டீச்சர் சொன்னார். உங்கள் ஃப்ரீசர் பயறைத் தொட்டியில் நட்டுக் காய்க்கிறவரை விட்டுப் பார்த்தீர்களா?