அ++ என்றால் "அப்புறம் கூட்டும்" சரி, அந்த அப்புறம் எப்போது?

பயாலஜி_குரூப்
வணக்கம். பி.இ. முதலாமாண்டு. பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கவில்லை, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் மன்னியுங்கள். சி மொழி இன்டர்னலில் கீழே உள்ளதற்கு அவுட்புட் என்ன என்று கேட்டிருந்தார்கள். ++ என்றால் ஒன்று கூட்டுவது, பிரின்ட்எஃப் என்றால் அச்சிடுவது என்பது வரை தெரியும். (ஃபோனில் தமிழ் கீபோர்டுதான், புரோகிராமையும் அதிலேயே அடித்துவிட்டேன்.)

அ = 5;
பிரின்ட்எஃப்("%டி %டி %டி", அ, அ++, ++அ);

நான் 5 5 7 எழுதினேன். 7 6 6 தான் சரி என்று இரண்டு மார்க் போயிற்று. லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் (புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) பார்த்தால் 7 6 6 தான் வருகிறது. ஹாஸ்டலில் லேப்டாப்பில் ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலர் வைத்து ஓட்டினால் 7 6 7. ஃபோனில் இருக்கும் சி ஆப்பில் நான் எழுதிய 5 5 7! எதை நம்புவது?

"முன்னால் போட்டால் முதலில் கூட்டும், பின்னால் போட்டால் அப்புறம் கூட்டும்" என்று நோட்ஸில் இருக்கிறது. அப்புறம் என்றால் வரி முடிந்த பிறகா?

லூப்_மாமா
முதலில் பிரின்ட்எஃப்பைத் தூக்கி ஓரமாக வை. ஒரு வரிக்கு ஒரே ஒரு ++ வைத்துப் பார்.

பஸ் கண்டக்டர் கையில் டிக்கெட் கட்டு, மேலே 5. அ++ என்பது அந்த 5-ஐக் கிழித்து உன் கையில் கொடுப்பது. கட்டின் மேலே இப்போது 6. ++அ என்பது 5-ஐக் கிழித்துப் போட்டுவிட்டு 6 என்ற எண்ணை உனக்குக் காட்டுவது. கட்டின் மேலேயும் 6. இரண்டிலும் கட்டு 6-க்குப் போய்விட்டது. உனக்குக் கிடைத்த எண் மட்டும்தான் வேறு.

ஆ = அ++; என்றால் ஆ 5, அ 6.
ஆ = ++அ; என்றால் இரண்டுமே 6.

ஃபார் லூப்பில் யாரும் அந்த எண்ணைக் கையில் வாங்குவதில்லை. அதனால் அங்கே எதைப் போட்டாலும் ஒன்றுதான். வொயில் (நிபந்தனை சரியாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் லூப்) அப்படி இல்லை. எ = 0 என்று வைத்து இதை ஓட்டிப் பார்:

வொயில் (எ++ < 5) பிரின்ட்எஃப்("%டி ", எ);

1 முதல் 5 வரை அச்சாகும், முடிந்தபின் எ-யில் 6 இருக்கும். ++எ என்று மாற்றினால் 4-உடன் நின்றுவிடும். இந்த ஒரு வித்தியாசத்தில் நான் ஒரு ராத்திரி முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

பழைய_சி_ஆள்
மாமா சொன்னது சரி. ஆனால் தங்கச்சி கேட்டது வேறு.

சி மொழியின் விதிப்படி அந்த வரிக்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது. ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகளை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று சி சொல்வதில்லை. அதற்கு மேல், ஒரே மாறியை நடுவில் நிறுத்தம் இல்லாமல் இரண்டு முறை மாற்றினால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நடுவில் இருக்கும் கமா வெறும் பிரிப்பான்தான், அது நிறுத்தம் ஆகாது.

டர்போ சி வலமிருந்து இடமாகப் போகிறது: ++அ 6 தருகிறது, அ++ அதே 6-ஐத் தந்துவிட்டு அ-வை 7 ஆக்குகிறது, கடைசியில் அ 7. ஜிசிசியும் அப்படித்தான், ஆனால் ++அ-வுக்கு அந்த மாறியையே கடைசியில் போய்ப் படிக்கிறது, அதற்குள் அது 7. அ++-க்கு மட்டும் பழைய மதிப்பைத் தனியாக எடுத்து வைக்கிறது. உங்கள் ஆப்புக்குள் கிளாங் என்ற வேறொரு கம்பைலர் இருக்கும் என்று நினைக்கிறேன். அது இடமிருந்து வலம். மூன்றில் எதையும் தப்பு சொல்ல முடியாது. கேள்விதான் தப்பு.

ஜாவாவில் இதே வரியை எழுதினால் எப்போதும் 5 5 7 தான். அங்கே இடமிருந்து வலம் என்று விதியே இருக்கிறது.

வேகம்_முக்கியம்
++ வந்ததே பிடிபி-11 என்ற பழைய கம்ப்யூட்டரில் அதற்கென்று தனி வசதி இருந்ததால்தான். அதனால் அ = அ + 1 எழுதுவதைவிட வேகம்.

பழைய_சி_ஆள்
இந்தக் கதை எல்லா ஊரிலும் ஓடுகிறது. ++-ஐக் கொண்டுவந்தவர் கென் தாம்சன், சி-க்கு முன்பிருந்த பி மொழியில். அப்போது பிடிபி-11 வரவே இல்லை என்று சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே எழுதியிருக்கிறார். இன்றைய கம்பைலருக்கு இரண்டும் ஒன்றுதான்.

லூப்_மாமா
பைத்தானுக்குப் போகும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. அங்கே அ++ எழுதினால் பிழை என்று கத்தும், பரவாயில்லை. ++அ எழுதினால் கத்தாது, கூட்டவும் கூட்டாது! இரண்டு பிளஸ் குறி என்று எடுத்துக்கொண்டு அதே எண்ணைத் தரும். அ += 1 என்று எழுதிப் பழகு.

பயாலஜி_குரூப்
டிக்கெட் கட்டு மனதில் நின்றுவிட்டது மாமா, நன்றி. ஜிசிசியில் எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும்படி போட்டு மறுபடி ஓட்டினேன். அந்த வரியைக் காட்டி, அ மீது செய்வது வரையறை இல்லாததாக இருக்கலாம் என்று வந்தது. இத்தனை நாள் எச்சரிக்கையே போடாமல் ஓட்டியிருக்கிறேன்.

செமஸ்டரில் இதே கேள்வி வந்தால் என்ன எழுதுவது?

பழைய_சி_ஆள்
7 6 6 எழுதுங்கள். கீழே ஒரு வரி, "டர்போ சி-யில், மொழி விதிப்படி இது வரையறுக்கப்படவில்லை" என்று சேர்த்துவிடுங்கள். திருத்துபவர் யாராக இருந்தாலும் மார்க்கைக் குறைக்கக் கொஞ்சம் யோசிப்பார்.