புது வெப்சைட் போட்ட பிறகு பாத்திரக்கடை கூகுளில் வரவில்லை, எங்கே பார்ப்பது?

புரசை பாத்திரம்:
வணக்கம். புரசைவாக்கம் ஹைரோட்டை ஒட்டிய தெருவில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக்கடை நடத்துகிறோம். எவர்சில்வர், பித்தளை, வெண்கலம், கல்சட்டி, ஈயச்சொம்பு எல்லாம் உண்டு. பழைய வெப்சைட் பார்க்கச் சுமார்தான். ஆனால் 'ஈயச்சொம்பு விலை சென்னை', 'வெண்கல உருளி' என்று தேடினால் முதல் பக்கத்திலேயே வருவோம். அதைப் பார்த்து அம்பத்தூர், தாம்பரத்திலிருந்தெல்லாம் போன் வரும்.

பொங்கல் முடிந்ததும் ஒரு டிசைனரிடம் கொடுத்துப் புது சைட் போட்டோம். சைட் அழகாக இருக்கிறது, போன் வருவது மட்டும் நின்றுவிட்டது. இப்போது தேடினால் பெரிய ஆன்லைன் கடைகளும் தி.நகர் கடைகளும்தான் வருகின்றன. கடையில் உட்கார்ந்து என் போனில் 'பாத்திரக்கடை' என்று தேடினால் மேப்பில் நாங்கள்தான் முதலில். அம்பத்தூரில் தங்கை தேடினால் எங்களைக் காணோம்.

டிசைனரைக் கேட்டால் "கூகுள் அப்டேட் சார், மாசாமாசம் பணம் கட்டினா முதலிடம் கேரண்டி" என்கிறார். பக்கத்துக் கடை அண்ணன், மேப்பில் கடைப் பெயரோடு 'பெஸ்ட் ஸ்டீல் பாத்திரக்கடை சென்னை' என்று சேர்க்கச் சொல்கிறார். கல்யாண சீசன் வருகிறது. எதைச் செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேடல் கணக்கு:
சார், முதலில் பெயரில் எதையும் சேர்க்காதீர்கள். போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி. யாராவது புகார் கொடுத்தால் கடையின் பக்கமே முடங்கும். இப்போது உங்களுக்கு ஒழுங்காக இருப்பது அது ஒன்றுதான், அதில் கை வைக்க வேண்டாம்.

மேப்பும் வெப்சைட்டும் வேறு வேறு கணக்கு. மேப் வரிசைக்குக் கூகுள் சொல்வது மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. கல்லாவில் உட்கார்ந்து தேடினால் தூரமே இல்லை, அதனால் நீங்கள் முதலில் வருகிறீர்கள். அம்பத்தூரில் தேடுகிறவருக்கு அம்பத்தூர் கடைகள்தான் முதலில் வரும். அதில் கோளாறு எதுவும் இல்லை. அந்த வரிசையைப் பணம் கொடுத்து உயர்த்தவும் முடியாது.

அம்பத்தூர் போன்களைக் கொண்டுவந்தது உங்கள் வெப்சைட். கோளாறு அங்கேதான் இருக்கும். ஒரு சோதனை: கூகுளில் 'சைட்' (site) என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் சைட் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். எத்தனை பக்கம் வருகிறது? அப்புறம், சர்ச் கன்சோல், அதாவது நம் சைட் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி, யார் கணக்கில் இருக்கிறது?

புரசை பாத்திரம்:
பழைய சைட்டின் பக்கங்கள் ரெண்டு மூணு மட்டும் வருகின்றன. அழுத்தினால் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று வருகிறது. புது சைட்டின் பக்கம் ஒன்றுகூட இல்லை. சர்ச் கன்சோல் டிசைனர் கணக்கில் இருந்தது, கேட்டு வாங்கினேன். முகப்பு முகவரியைப் போட்டுச் சோதித்தால், 'நோஇண்டெக்ஸ்' டேக் இருப்பதால் விலக்கப்பட்டது என்று காட்டுகிறது.

தேடல் கணக்கு:
பிடிபட்டது சார். 'இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே' என்று உங்கள் சைட்டே கூகுளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் செய்தது என்றால் செட்டிங்ஸில் ரீடிங் போய்ப் பாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்கிற மாதிரி ஒரு டிக் பெட்டி இருக்கும். சைட் கட்டும்போது அதை டிக் செய்துவைப்பது சரியான வழக்கம்தான். திறக்கிற அன்றைக்கு எடுத்துவிட வேண்டும். எடுத்துச் சேமித்துவிட்டு, சர்ச் கன்சோலில் முகப்புக்கும் முக்கியமான பக்கங்களுக்கும் இண்டெக்ஸ் கோரிக்கை (பட்டியலில் சேர்க்கச் சொல்வது) கொடுங்கள்.

அதோடு முடியவில்லை. பழைய முகவரிகள் 404 ஆகின்றன என்றால், இத்தனை வருஷமாகச் சேர்ந்த பெயர் முழுக்க அந்த முகவரிகளில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் யாரோ ரசம் பற்றி எழுதியபோது உங்கள் ஈயச்சொம்புப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருப்பார்கள். அந்த மதிப்பு புதுப் பக்கத்துக்கு வர வேண்டுமானால், ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு இணையான புது முகவரிக்கு 301 திருப்பம் (பக்கம் நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லி, வருகிறவரைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) போட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் பலனில்லை. சொம்பு சொம்புக்கு, உருளி உருளிக்கு. போட்ட திருப்பத்தை ஒரு வருஷமாவது எடுக்கக் கூடாது.

சர்ச் கன்சோலின் உரிமை உங்கள் பெயரில் இருக்கட்டும், டிசைனருக்குப் பயனர் அனுமதி போதும். டொமைனுக்கும், அதாவது சைட்டின் முகவரிப் பெயருக்கும், இதே விதிதான். கடைச் சாவியை நாம்தானே வைத்திருப்போம்.

ரிச்சி தெரு:
இடையில் என் சந்தேகம். நான் தனியாக சைட் போடவில்லை, மேப் பக்கத்தோடு கூகுளே இலவசமாகக் கொடுத்த சைட்தான். இப்போது அதை அழுத்தினால் ஒன்றும் திறக்கவில்லை. எனக்கும் இதே பிரச்சினையா?

தேடல் கணக்கு:
உங்களுடையது வேறு. அந்த இலவச சைட் சேவையை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. கொஞ்ச நாள் மேப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள், ஜூனில் அதையும் நிறுத்தினார்கள். புதிதாகச் சொந்த டொமைனில் ஒரு பக்கம் போட்டு, மேப்பில் இருக்கிற பழைய லிங்கை மாற்றுங்கள். விசிட்டிங் கார்டிலும் பில்லிலும் பழைய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மாம்பலம் அக்கா:
நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, பாத்திரம் வாங்குகிறவள். ஈயச்சொம்பு தேடும்போது எனக்குத் தெரிய வேண்டியது விலை மட்டுமில்லை. அது வெள்ளீயமா, காரீயம் கலந்ததா, எத்தனை கிராம், அடுப்பில் எப்படி வைப்பது, இதெல்லாம்தான். பெரிய ஆன்லைன் கடைகளில் இதில் ஒன்றுகூட ஒழுங்காக இருக்காது. தம்பி, உங்கள் புது சைட்டைப் பார்த்தேன். கலர் கலராகப் படம் இருக்கிறது, படிக்க ஒன்றுமில்லை.

தேடல் கணக்கு:
அக்கா சொன்னதுதான் அடுத்த வேலை. போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து விலையின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள் சார். எழுத்து தேர்வானால் அது எழுத்து. தேர்வாகவில்லை என்றால் டிசைனர் எல்லாவற்றையும் படமாகப் போட்டிருக்கிறார், கூகுள் அதை நம்பிப் படிக்காது.

'ஸ்டீல் பாத்திரம்' என்ற பொதுச் சொல்லுக்குப் பெரிய ஆன்லைன் கடைகளோடு மோதுவது வீண். தி.நகர் கடைகளை ஜனங்கள் பெயர் சொல்லியே தேடுகிறார்கள், அந்த பலமும் நமக்கு இல்லை. நமக்கு இருப்பது கவுண்டரில் தினமும் கேட்கும் கேள்விகள். அவற்றுக்கு நீங்கள் வாயால் சொல்லும் பதிலை அப்படியே தமிழில் எழுதுங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அதனால் காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, ரசம் ஊற்றிய பிறகுதான் ஏற்ற வேண்டும், வற்றவிடக் கூடாது. இதைப் பக்கத்தின் மேலேயே போடுங்கள். எடை, கொள்ளளவு, இன்றைய விலை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுகிறவர்களுக்காகத் தலைப்பில் அந்த வடிவத்தையும் ஒருமுறை சேர்க்கலாம், ஒருமுறை போதும்.

புரசை பாத்திரம்:
மிக்க நன்றி அக்கா, நன்றி சார். அந்த மாதப் பணம் விஷயம்? முதலிடம் கேரண்டி என்று எழுதியே கொடுக்கிறேன் என்கிறார்.

தேடல் கணக்கு:
முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களில் பலர் செய்வது, சம்பந்தமில்லாத சைட்களில் காசுக்கு லிங்க் வாங்கிப் போடுவது. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைச் சங்கிலி அப்படி வந்த லிங்குகளால் உடை, படுக்கை விரிப்பு என்று பல சொற்களுக்கு மேலே நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளிக்கொண்டுவந்ததும், கூகுள் தண்டித்து வெகு கீழே இறக்கியது. லிங்க் வாங்கச் சொன்னது நாங்கள் இல்லை என்றது கம்பெனி, ஆனாலும் இறங்கியது அவர்கள் கடைதான். 2013இல் இங்கிலாந்தின் இன்டர்ஃப்ளோரா பூக்கடை நிறுவனத்துக்கும் இதே கதி, தன் பெயரைத் தேடினாலே வராத நிலை. அவ்வளவு பெரிய நிறுவனம் சில நாளில் மீண்டுவிட்டது. உங்களுக்கு அப்படி நடந்தால் ஒரு முகூர்த்த சீசனே போய்விடும். வேண்டாம் சார்.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும் விதிமீறல். பில் போடும்போது வாயால் கேளுங்கள், மனமுள்ளவர்கள் எழுதுவார்கள்.

புரசை பாத்திரம்:
நிலவரம் சொல்கிறேன். டிக்கை எடுத்தாயிற்று, திருப்பங்களையும் போட்டாயிற்று. புதுப் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஈயச்சொம்புப் பக்கத்தை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அது இப்போது முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் வருகிறது. நேற்று தாம்பரத்திலிருந்து ஒருவர் போன் செய்து, பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன் என்றார். 'வெண்கலப் பானை' மட்டும் போன மாதத்தைவிடத் தேடல் குறைவாகக் காட்டுகிறது. அதில் இன்னும் ஏதாவது தப்பு இருக்குமோ?

தேடல் கணக்கு:
சந்தோஷம் சார். பானையைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். அது பொங்கலை ஒட்டி ஏறி, முடிந்ததும் இறங்கும். சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கும், போன வருஷம் இதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள்.

மாம்பலம் அக்கா:
தம்பி, உருளிப் பக்கத்தில் எடை போட்டிருக்கிறீர்கள், வாய் அகலம் போடவில்லை. எங்கள் வீட்டு அடுப்பில் உட்காருமா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். அங்குலத்தில் போடுங்கள்.