கோடுகள் எல்லாம் நான்கு தள்ளி நிற்கின்றன, அவசரம்

முத்தியால்பேட்டை:
வணக்கம். கார உலோக ஈரணு மூலக்கூறின் நிறமாலை எடுக்கிறேன். வெளியான மதிப்புகளிலிருந்து எல்லாக் கோடுகளும் நான்குக்குச் சற்று மேல் தள்ளி நிற்கின்றன. மூன்று நாளாக, உலோகத்தை ஆவியாக்கும் உலையையே சுற்றி வருகிறேன். வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் காட்டியாக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
எந்த உலோகம்? நான்கு என்றால் ஆங்ஸ்ட்ராமா, அலை எண்ணா? கூடுகிறதா, குறைகிறதா?

வில்லியனூரான்:
ஐப்பசி ஈரம்தான். உலையின் இரு முனைச் சன்னல்களிலும் நீர் கோத்திருக்கும். குளிர்நீரைக் குறைத்துப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை:
மன்னிக்கவும். பொட்டாசியம். சாய லேசர், 650 நானோமீட்டர் பக்கம், பி–எக்ஸ் பட்டை, அதாவது எக்ஸ் என்ற கீழ்நிலைக்கும் பி என்ற மேல்நிலைக்கும் இடையே மூலக்கூறு தாவும்போது வரும் கோடுகள். உலை 330 டிகிரி, உள்ளே கொஞ்சம் ஆர்கான். அலை எண்ணில்தான், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கில்தான், வித்தியாசம். எனக்கு அதிகமாக வருகிறது. சன்னலைத் துடைத்துவிட்டேன்.

வில்லியனூரான்:
அப்படியானால் வெப்பம். டாப்ளர் விளைவு.

பழைய ஆய்வகத்தான்:
டாப்ளர் இங்கே கோட்டை அகலமாக்கும், இடம் பெயர்க்காது, தம்பி. அந்த அகலமும் 600 கெல்வினில் சுமார் 0.03தான். நூறு மடங்குக்கு மேல் இடிக்கிறதே, கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? கேட்டவருக்கும் ஒன்று: இடம் துல்லியமாகத் தெரிந்த கோடுகளைத் தரும் அயோடின் குடுவையை ஒப்பீட்டுக்கு வைக்காமல் அலை எண் அளப்பது படிக்கல் இல்லாமல் மீன் விற்பது. கெர்ஸ்டன்கார்ன், லுக் இருவரும் 1978இல் வெளியிட்ட அயோடின் கோடுகளின் அட்லஸ் அலை எண் 14,800 முதல் 20,000 வரை போகிறது. அதைப் புரட்டிய பிறகு கேள்வி கேட்கலாம்.

கெடிலக்கரை:
மூலக்கூறின் சுழற்சி நிலையைக் குறிக்கும் சுழல் எண்ணை ஒன்று தள்ளி எண்ணிவிட்டாரோ?

முத்தியால்பேட்டை:
இல்லை. பொட்டாசியம் 39இன் உட்கருத் தற்சுழற்சி 3/2. அதனால் கீழ்நிலையில் ஒற்றைப்படைச் சுழல் எண்ணுள்ள கோடுகள் இரட்டைப்படைக் கோடுகளைவிட 5:3 என்று ஓங்கி நிற்க வேண்டும், அப்படியே நிற்கின்றன. ஒன்று தள்ளியிருந்தால் அது தலைகீழாகியிருக்கும்.

தவளக்குப்பம்:
குறுக்கிடுகிறேன். ‘நிறமாலை’ என்று எழுதாதீர்கள். அகச்சிவப்பில் ஏது நிறம்? அலைமாலை என்பதே சரி.

வில்லியனூரான்:
பள்ளிப் புத்தகத்தில் நிறமாலைதானே இருக்கிறது?

தவளக்குப்பம்:
புத்தகம் சொன்னால் சரியாகிவிடுமா? இலங்கைப் புத்தகத்தில் திருசியம் என்றிருக்கிறது. அதையும் எழுதுவீர்களா?

பழைய ஆய்வகத்தான்:
650 நானோமீட்டர் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரிகிறது. இவர் நிறமாலை என்று தாராளமாக எழுதலாம்.

கெடிலக்கரை:
ஐயா, சொல்லாய்வு பிறகு. முத்தியால்பேட்டை, எல்லா இடத்திலும் வித்தியாசம் ஒரே அளவா? இரண்டு முனைக்கும் எண் தாருங்கள்.

முத்தியால்பேட்டை:
15,300 பக்கம் 4.23. 15,600 பக்கம் 4.31. பிழை வரம்பு என்று விட்டுவிட்டேன்.

கெடிலக்கரை:
விடக் கூடாது. வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் 0.000276 வரும். காற்றின் ஒளிவிலகல் எண் ஒன்றைத் தாண்டும் அளவு அதுதான். காற்றில் அலைநீளம் அந்த அளவு சுருங்கும், அலை எண் கூடும். வேவ்மீட்டர் காட்டும் அலைநீளத்தைத் தலைகீழாக்கித்தானே அலை எண் எடுத்தீர்கள்? அது காற்றில் உள்ள அலைநீளமா, வெற்றிடத்தில் உள்ளதா? வெளியான மதிப்புகள் வெற்றிடத்துக்கானவை.

தவளக்குப்பம்:
புற ஊதாவில் மட்டும் நிறம் இருக்கிறதா?

முத்தியால்பேட்டை:
வேவ்மீட்டரின் அமைப்புப் பட்டியலில் நான்காவது வரியில் ‘காற்று’ என்று இருந்தது. யார் மாற்றினார்களோ. வெற்றிடத்துக்கு மாற்றி ஐந்து கோடுகள் பார்த்தேன், பொருந்துகின்றன. அயோடின் குடுவை பக்கத்து ஆய்வகத்தில் கேட்டிருக்கிறேன். நன்றி, உலையை அணைக்கப் போகிறேன்.

வில்லியனூரான்:
சன்னலைத் துடைத்ததும் நல்லதுதானே.