16 இன்ச்சா, 17.3 இன்ச்சா? ஏலக்காய்க் கணக்குக்குப் பெரிய திரை லேப்டாப், உதவி தேவை

கம்பத்துக்காரி:
வணக்கம். அப்பாவுக்குக் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். கணக்கை நான் பார்க்கிறேன். புற்றடியிலும் போடியிலும் இ-ஏலத்தில் எடுத்த சரக்கு எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் இருக்கிறது. தேதி, லாட் எண், மூட்டை, எடை, காய் அளவு (மி.மீ.), விலை, வரி, வண்டி வாடகை என்று போய்க் கடைசியில்தான் 'மொத்தம்' வரும். இப்போதிருக்கும் 15.6 இன்ச் லேப்டாப் பழசு, 1366 x 768 திரை. ஜூமை 70-க்குக் குறைத்தால்தான் 'மொத்தம்' வரை தெரிகிறது. அப்பாவுக்கு 64 வயது. "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு, நீயே வாசி" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுகிறார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு அப்டேட்டும் நின்றுவிட்டது, இதில் 11 ஏறவில்லை.

அசூஸ் விவோபுக் 16, விவோபுக் 17 இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஐ5-1235யூ பிராசஸர்தான், திரை மட்டும்தான் வித்தியாசம். 17-க்கு மூவாயிரம் கூடச் சொல்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் குமுளி பஸ்ஸில் இதையும் தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும். எதை எடுக்கலாம்?

தேனிக்காரன்:
பெரியவருக்குத்தானே? கண்ணை மூடிக்கொண்டு 17 எடுங்க. மூவாயிரத்துக்கு யோசிக்காதீங்க.

லோயர்கேம்ப் அண்ணாச்சி:
தம்பி சொல்லிட்டார், தூக்கப் போறது தங்கச்சி. 17 இன்ச் 2.1 கிலோ, 16 இன்ச் 1.88 கிலோ. எடை வித்தியாசம் பெரிசில்லை, அகலம்தான் தொல்லை. 17.3 இன்ச்சில் திரை மட்டுமே 38 சென்டிமீட்டர். என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. 15.6-க்கு வாங்கின பையில் பாதி நுழைந்து நின்றுவிட்டது, ஜிப் மூடவே இல்லை. மழைக்காலத்தில் குமுளி மலைப்பாதையில் ஜன்னல் ஓர சீட்டில், பிளாஸ்டிக் கவர் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்து சீட்டுக்காரர் முழங்கையில் இடிக்கும்.

கணக்குப்பிள்ளை:
இன்ச் கணக்கை விட்டுவிட்டு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். 17.3 திரை 16:9 விகிதம், 16 இன்ச் திரை 16:10. அதனால் இரண்டின் உயரமும் ஒன்றேதான், ஏறக்குறைய 21.5 செ.மீ. அகலம் மட்டும் 38.3, 34.5. ஒன்று 1920 x 1080, இன்னொன்று 1920 x 1200. அதாவது குறுக்கே இரண்டிலும் அதே 1920 புள்ளிதான் (பிக்சல்), ஷீட்டில் ஒரு பத்திகூட அதிகம் தெரியாது. கீழே பார்த்தால் 16 இன்ச்சில் 120 புள்ளி கூடுதல். எக்செல்லில் ஒரு வரிசை 20 புள்ளி, ஆகவே ஆறு லாட் அதிகம் தெரியும்.

இப்போது அப்பா விஷயம். பழைய திரையில் ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். அதை 70-க்குக் குறைத்தால் 0.18 மி.மீ. ஆகிறது. புது 16 இன்ச்சில் ஜூம் 100-லேயே ஒரு புள்ளி 0.18 மி.மீ.தான்! எழுத்து கூர்மையாக இருக்கும், எறும்பு என்னவோ அதே எறும்புதான். 17.3-இல் 0.2 மி.மீ., அதாவது நூற்றுக்குப் பதினொன்றுதான் பெரிசு. 12 பாயின்ட் எழுத்து 13-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதற்கா மூவாயிரமும் புதுப் பையும்?

என்னைக் கேட்டால் 16 எடுங்கள். கடை மேசையில் ஒரு 24 இன்ச் மானிட்டர் வைத்து எச்டிஎம்ஐ வயரில் சொருகிவிடுங்கள், பத்தாயிரத்துக்குள் முடியும். அதே 1920 x 1080, ஒரு புள்ளி 0.27 மி.மீ., இப்போது பார்ப்பதைப் போல் ஒன்றரை மடங்கு எழுத்து. அது வரும்வரை லாட் எண் பத்தியை நகராமல் ஃப்ரீஸ் பண்ணி, அப்பாவுக்குத் தேவையில்லாத பத்திகளை மறைத்துக் காட்டுங்கள். அவருக்கு வாடகையும் வரியும் தனித்தனியாக எதற்கு? மெமரி 16 ஜிபி ஆகவே கேளுங்கள்.

கம்பத்துக்காரி:
அண்ணே, உயரம் ஒன்று என்பதை நம்பவே முடியவில்லை! கட்டப்பனையில் ஓணம் ஆஃபரில் 16 இன்ச்சை 55 ஆயிரத்துக்குத் தருகிறார்கள். நாளைக்கே போகிறேன்.

பாலக்காட்டு மருமகள்:
அக்கா, கொஞ்சம் பொறுங்க. கடைக்கு ஜிஎஸ்டி எண் இருக்குதானே? கட்டப்பனை கவுன்ட்டரில் கையில் வாங்கினால் கேரளா சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய, மாநில வரி) என்று பில் போடுவார்கள். தமிழ்நாட்டு எண்ணுக்கு அதில் வரவு எடுக்க, அதாவது கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. 18 சதவீதம் என்றால் 55 ஆயிரத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் வரிதான். ஆஃபரில் கிடைப்பது அதைவிடக் குறைவாக இருந்தால் என்ன லாபம்? கம்பம் முகவரிக்கு அனுப்பச் சொல்லி ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனை வரி) பில் கேளுங்க, இல்லையென்றால் தேனியிலேயே எடுங்க. வாளையாறு எல்லை தாண்டிப் போய் வாங்கி, ஆடிட்டரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

கம்பத்துக்காரி:
தேனிக்கே போனோம். நம் ஷீட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய் இரண்டிலும் திறந்தேன், கூடவே தையல் டேப். உயரம் அச்சு அசல் ஒன்றுதான், கடைப் பையனே திரும்ப அளந்து பார்த்தான். அப்பா 17-ஐப் பார்த்து "கொஞ்சம் தேவலை" என்றார். பக்கத்திலிருந்த 24 இன்ச் மானிட்டரில் சொருகியதும் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நாலாவது வரியில் ஒரு லாட்டுக்கு வாடகை இரண்டு தடவை ஏறியிருப்பதைப் பிடித்து, கடையில் வைத்தே எனக்குத் திட்டு.

16 இன்ச்சும் மானிட்டரும் எடுத்தாயிற்று. பழைய பையிலேயே நுழைகிறது, ஜிப்பும் மூடுகிறது. சார்ஜரைத்தான் தனியாகக் கையில் பிடிக்க வேண்டியிருக்கிறது.