காயடித்த குதிரையின் ‘பொலிநடத்தை’: சொல்லாக்க இழையில் ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குதிரை வளர்ப்புக் கையேட்டுக்காக இந்த இழையில் இதுவரை வந்துள்ள சொற்களை வரிசையாகப் படித்தேன். காயடித்த பிறகும் ஒரு மட்டக்குதிரை பொலிகுதிரையைப் போல, அதாவது காயடிக்காமல் இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆண்குதிரையைப் போல, நடந்துகொள்வதைக் குறிக்க ‘ஆண்திமிர்’, ‘பொலிக்குணம்’, ‘அரைக்காயடிப்பு’ ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. காரணம் இன்னதென்று விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவது இவை எல்லாவற்றிலும் உள்ள குறை. திமிர் என்று பெயர் வைத்தால் குதிரைக்குச் சவுக்கடி கிடைக்கும். குணம் என்றால் இனி மாறாது என்று சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். அரைக்காயடிப்பு என்றாலோ, பழி முழுவதும் அறுவை செய்த மருத்துவர் தலையில் விழும். கண்ணால் காணும் அறிகுறிக்கு ஒரு சொல்லும், அதன் பின்னே இருக்கக்கூடிய காரணங்களுக்கு வேறு சொற்களும் வேண்டும் என்பது என் கருத்து.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். எங்கள் சிவகங்கைச் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் நடப்பதுண்டு. தேவகோட்டைப் பக்கம் அப்படிப் பந்தயத்துக்குச் சின்னக் குதிரை வளர்க்கும் ஒருவரின் கட்டுத்தறியில் நான் பார்த்தது இது. காயடித்துப் பல ஆண்டுகளான செவலைக் குதிரை ஒன்று, அங்கே புதிதாக வந்திருந்த பெட்டைக் குதிரையின் லத்தியை மோந்து பார்த்து, மேலுதட்டைச் சுருட்டி நின்று, பிறகு அதே இடத்தில் திரும்பி நின்று தானும் லத்தி போட்டது. அடுத்து, காதுகளைப் பின்னால் மடித்து, கழுத்தைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, தலையை இப்படியும் அப்படியும் வீசியபடி பெட்டையை ஒரு மூலைக்கு ஓட்டியது. பக்கத்தில் இருந்த இன்னொரு காயடித்த குதிரை இரண்டடி நெருங்கியதும் பல்லைக் காட்டிப் பாய்ந்தது. “காய சரியா எடுக்காம விட்டுட்டாங்கண்ணே” என்றார் உரிமையாளர். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கட்டுத்தறியில் நின்றுகொண்டு அதைத் தீர்மானிக்க முடியாது.

இவற்றில் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துக்கொண்டு அறிகுறி என்று சொல்லிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலுதட்டைச் சுருட்டுவது பெட்டைக் குதிரையும் செய்யும் செயல். காயடித்த குதிரை இளைப்பாறும்போது உறுப்பை வெளியே நீட்டுவது முற்றிலும் இயல்பு. பெட்டையை மடக்கி ஓட்டுதல், அதன்மேல் ஏறுதல், மற்ற ஆண்குதிரைகளை விரட்டுதல், லத்தியின்மேல் லத்தி போட்டு இடத்தைத் தனதாக்கிக்கொள்ளுதல் ஆகியவை சேர்ந்து வரும்போதுதான் நமக்குச் சொல் தேவைப்படுகிறது.

இனி காரணங்களுக்கு வருகிறேன். ஆண்குட்டிக்கு விதைகள் வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்குவது பெரும்பாலும் சினையின் கடைசி மாதத்துக்கும் பிறந்த பத்து நாளுக்கும் இடையில் நடந்துவிடும். சில குட்டிகளில் ஒரு விதை வயிற்றிலோ தொடையிடுக்குப் பாதையிலோ தங்கிவிடுகிறது. வெளியே தெரியும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுக் காயடித்தாயிற்று என்று விற்றால், உள்ளே இருக்கும் விதை டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். வயிற்றின் வெப்பத்தில் அது விந்தணுவை உருவாக்காது என்றாலும் ஹார்மோனை உருவாக்கும். அந்தக் குதிரை நடத்தையில் முழுப் பொலிகுதிரையாகவே இருக்கும். மருத்துவர் எந்தத் தவறும் செய்யாமல், வாங்கி விற்ற தரகர் ஒருவர் மறைத்ததால் வரும் வினையாகவும் இது இருக்கலாம்.

‘அரைக்காயடிப்பு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது வேறொரு நம்பிக்கை. விதையின்மேல் ஒட்டிச் சுருண்டு கிடக்கும் விந்துக்குழலில் கொஞ்சத்தை விட்டுவைத்து அறுத்தால் குதிரைக்கு வீரியம் மிஞ்சும் என்று ஐரோப்பியக் குதிரைக்காரர்களும் நெடுநாள் நம்பினார்கள். அந்தக் குழல் டெஸ்டோஸ்டீரோனைச் சுரப்பதில்லை. ஆகவே அது மிஞ்சியிருப்பதால் நடத்தை மாற வழியில்லை. இல்லாத காரணம் ஒன்றுக்குத் தமிழில் புதிதாகச் சொல் படைத்துக் கொடுப்பது நம் வேலையாக இருக்கக் கூடாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பலரும் நம்ப மறுப்பது இதைத்தான். இரண்டு விதைகளும் முழுமையாக எடுக்கப்பட்ட குதிரையும் இப்படி நடந்துகொள்ளும். 1985-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, பருவமடையும் முன்பே காயடிக்கப்பட்ட குதிரைகளிலும் 20 முதல் 30 விழுக்காடு பெட்டைகளிடம் பொலிகுதிரையைப் போலவும் பிற குதிரைகளிடம் மூர்க்கமாகவும் நடந்துகொண்டதாகக் கண்டது. பருவமடைந்த பிறகு காயடித்தவற்றுக்கும் இவற்றுக்கும் இந்த வகையில் பெரிய வேறுபாடு இல்லை. இளமையிலேயே காயடித்தால் இந்தத் தொல்லை வராது என்று இங்கே உறுதியாகச் சொல்லப்படும் யோசனை, எனவே, ஆய்வுக்கு முன் நிற்கவில்லை. இந்நடத்தையில் ஒரு பங்கு ஹார்மோனைச் சாராமல் மூளையிலேயே அமைந்திருக்கிறது. பழக்கமும் பெட்டையின் அருகாமையும் அதைத் தூண்டிவிடுகின்றன.

சொல்லுக்கு வருவோம். தொல்காப்பிய மரபியல் குதிரையின் ஆணைச் ‘சேவல்’ என்று சொல்வதற்கு இடமளிக்கிறது என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார், சரியான செய்திதான். ஆனால் இன்றைக்குச் ‘சேவல்நடத்தை’ என்று கையேட்டில் அச்சிட்டால் படிப்பவருக்குக் கோழிச்சண்டை நினைவுக்கு வரும். ‘புரவி’யை அடியாகக் கொண்ட சொற்களும் எடுபடா. எங்கள் ஊர்களில் புரவியெடுப்பு என்றால் அய்யனாருக்கு வேளார் செய்து தரும் மண்குதிரைதான். லாயத்தில் நிற்கும் உயிருள்ள குதிரையை யாரும் புரவி என்று அழைப்பதில்லை. ‘அலி’, ‘பேடு’ ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த இரண்டு சொற்களும் பட்டியலில் இருந்தன. அவை மனிதரை இழிவுபடுத்தப் பயன்பட்டுவரும் சொற்கள், பொருளும் பொருந்தவில்லை. அவற்றை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

‘பொலி’ என்ற அடி நமக்குக் கைகொடுக்கும். பொலிகாளை, பொலிகிடா என்னும் சொற்கள் கால்நடைத் துறையின் ஏடுகளிலும் உண்டு. எங்கள் செட்டிநாட்டு அரசுக் கால்நடைப் பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வாயிலும் உண்டு. பொலிகுதிரை என்றால் விளக்கம் வேண்டாம். அதன் நடத்தையைப் ‘பொலிநடத்தை’ என்போம். யார் செய்தாலும், எதனால் செய்தாலும், பார்த்ததை மட்டும் சொல்லும் சொல் அது.

வயிற்றில் விதை தங்கிய குதிரைக்குக் ‘கரந்தவிதைக் குதிரை’ (கரந்த: மறைந்த) என்று ஒருவர் எழுதியது அழகான ஆக்கம். ஆயினும் பேச்சில் கரந்ததும் கறந்ததும் ஒன்றாகவே ஒலிக்கும். மாடு வளர்ப்பவரிடம் அதைச் சொன்னால் பாலைத் தேடுவார். ‘உள்விதைக் குதிரை’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றை விதை மட்டும் வெளியே தெரியும் விலங்கை ‘ஒத்தக்காய்’ என்று சொல்வார்கள். அதை வழக்குச் சொல்லாகப் பக்கத்தில் குறிக்கலாம். விதை, விரை, காய், விந்தகம் ஆகியவற்றுள் எது என்ற வாதத்தில் நான் விதையின் பக்கம் நிற்கிறேன். விந்தகம் பாடநூலோடு நின்றுவிட்டது. காயடித்தலை மட்டும் மாற்ற வேண்டாம். பழைய அகராதிகளின் நலமெடுத்தல் இன்று யாருக்கும் புரியாது, ‘விதைநீக்கி’ என்று சுருக்கினால் அது அறுவைக் கருவியின் பெயராகிவிடும்.

சொல் வாக்கியத்தில் நிற்குமா என்று பார்க்கக் கையேட்டுக்கான ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“காயடித்த மட்டக்குதிரை பொலிநடத்தை காட்டினால், எந்தக் குதிரையின் முன்னிலையில், எந்த நாட்களில் காட்டுகிறது என்பதை முதலில் குறித்து வைக்க வேண்டும். பெட்டைக் குதிரை ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து, ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை அந்நிலையில் இருக்கும் என்பதால், பொலிநடத்தை அந்த நாட்களில் மட்டும் மிகுகிறதா என்பது தெரியவரும். பெட்டையையும் அதையும் ஒன்றையொன்று பார்க்கும் தொலைவில் முளையடித்துக் கட்டக் கூடாது. கண்மாய்க்கரையில் நீளக் கயிற்றில் மேயவிடும் ஊர்களில் பின்னங்காலில் கயிறு சுற்றித் தோல் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. அதற்காகக் குதிரையைத் தனிமையில் அடைக்கவும் கூடாது. ஒத்துப்போகும் காயடித்த குதிரை ஒன்றோடு சேர்த்து விடுவது நல்லது. வேலையில்லாத நாட்களில் கொள்ளுத் தீனியைக் குறைத்து வைக்கோலையும் புல்லையும் கூட்ட வேண்டும். கையில் பிடித்து நடத்தும்போது தோளை நெருக்கிக்கொண்டு வர இடம் தராமல், ஒவ்வொரு முறையும் நிறுத்தி, இரண்டடி பின்னால் நகர்த்தி, பிறகே முன்னே விட வேண்டும். கடிக்கும் குதிரைக்குக் கையால் தீனி ஊட்டக் கூடாது. அடித்தால் அது பெட்டையை மறப்பதில்லை, அடிப்பவரை நினைவில் வைத்துக்கொள்கிறது. இவற்றால் மாற்றம் தெரியாவிட்டால், மறுபடி அறுவை செய்யச் சொல்லும் முன்பு, உள்விதை உண்டா என்று இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.”

பரிசோதனையைப் பற்றி ஒரு குறிப்பு. ஒருமுறை எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் அளவு ஐயத்துக்கிடமாக இருந்தால், விதையைத் தூண்டும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் ஊசி போட்டு அதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது வழக்கம். உள்விதை இருந்தால் அளவு ஏறும். இப்போது விதைத் திசு சுரக்கும் முல்லேரியன் எதிர்ஹார்மோனை (ஏ.எம்.எச்.) அளக்கும் முறையும் வந்திருக்கிறது. விதைத் திசுவே இல்லாத குதிரையின் இரத்தத்தில் அது தென்படாது என்பதால் ஒருமுறை எடுத்த இரத்தமே போதும். வயிற்றைத் திறந்து தேடும் அறுவை எளிதானதன்று. அதை ஐயத்தின் பேரில் செய்யக் கூடாது என்பதற்காகவே ‘அரைக்காயடிப்பு’ என்ற சொல்லை நான் இவ்வளவு எதிர்க்கிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

•

அன்புள்ள காரைக்குடி நண்பருக்கு,

மருத்துவச் செய்திகளில் எனக்கு மாறுபாடு இல்லை. கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்த காலத்தில் நானும் உள்விதைக் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அப்போதுதான் காயடித்த குதிரையைக் குறைந்தது ஒரு மாதமாவது பெட்டையிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். குழாயில் தங்கியிருக்கும் விந்தால் சினை பிடிக்கக்கூடும்; பழைய நடத்தை அடங்கவும் வாரங்கள், சிலவற்றில் மாதங்கள் ஆகும். அந்தக் காலத்தில் காண்பதையும் பொலிநடத்தை என்று எழுதிவிட்டு மக்களைப் பயமுறுத்தக் கூடாது.

சொல்லில் எனக்கு இரண்டு தயக்கங்கள். ‘நடத்தை’ நம் பேச்சில் ஒழுக்கத்தைச் சுட்டும் சொல். ‘நடத்தை கெட்டவன்’ என்று திட்டுவதற்கே அது அதிகம் பயன்படுகிறது. ‘பொலிப்போக்கு’ என்றால் மென்மையாக இருக்குமே. இரண்டாவதாக, காயடித்த குதிரை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டாமா? பொலிகுதிரை பொலிநடத்தை காட்டுவதில் என்ன புதுமை?

•

மருத்துவர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ஒரு மாத விலக்கைப் பற்றிய குறிப்பைப் பத்தியின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுகிறேன். காயடித்த சில மாதங்களுக்குள் காண்பதை ‘அடங்காத பொலிநடத்தை’ என்று எழுதலாம். இதற்குத் தனிச்சொல் தேவைப்படாது.

‘போக்கு’ மென்மையான சொல்தான், ஆனால் கால்நடை மருந்தகப் பதிவேட்டில் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. வயிற்றுப்போக்கு, இரத்தப்போக்கு என்று பத்து வரிக்கு ஒருமுறை எழுதும் கை, ‘பொலிப்போக்கு’ என்று எழுதினால் அடுத்து வருபவர் மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நடத்தை என்ற சொல்லின் ஒழுக்கச் சாயலை மறுக்கவில்லை; ஆயினும் ‘நடத்தை’ தனியே நிற்கும்போதும் ‘கெட்ட’ ஒட்டும்போதும் தெரியும் அச்சாயல், ‘விலங்கு நடத்தை’, ‘மந்தை நடத்தை’ என்னும் தொடர்களில் தெரிவதில்லை. உளவியல் பாடநூல்களும் அதை நிலைப்படுத்திவிட்டன.

காயடித்தலைச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. பெட்டைக் குதிரையும் இதே போல நடந்துகொள்ளக்கூடும். சூலகத்தில் கிரானுலோசா செல் கட்டி என்னும் ஹார்மோன் சுரக்கும் கட்டி வந்த பெட்டை, மற்ற பெட்டைகளை மடக்கி ஓட்டும், அவற்றின்மேல் ஏறும், பக்கத்தில் வரும் குதிரையை விரட்டும். முல்லேரியன் எதிர்ஹார்மோனின் அளவு அங்கேயும் நோயைக் கண்டறிய உதவுகிறது. அந்தப் பெட்டைக்கு நாம் இன்னொரு சொல் தேட வேண்டியதில்லை. ‘காயடித்த குதிரையின் பொலிநடத்தை’, ‘பெட்டையின் பொலிநடத்தை’ என்று அடைமொழி சேர்த்தால் போதும். பொலிகுதிரையிடம் அதைக் காண்பதில் புதுமை இல்லை என்பது உண்மை. அங்கே அச்சொல் இயல்பைக் குறிக்கும், மற்ற இடங்களில் ஆராய வேண்டியதைக் குறிக்கும்.

ஐயாவுக்கு உடன்பாடு என்றால் பொலிகுதிரை, பொலிநடத்தை, உள்விதைக் குதிரை ஆகிய மூன்றையும் கையேட்டின் சொற்பட்டியலுக்கு அனுப்பிவிடுகிறேன். மேலுதட்டைச் சுருட்டுவதற்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘உதடு சுருட்டல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். ஆட்டுக்கிடாயும் எருமைக்கிடாவும் அதையே செய்வதால், மந்தை வைத்திருப்பவர்களிடம் அதற்கு ஒரு பேர் இருக்கும் என்று நம்புகிறேன். திருப்பத்தூர், சிங்கம்புணரிப் பக்கத்து அன்பர்கள் யாரேனும் கிடை போடுபவர்களிடம் கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும்.