பிக்கப் வண்டியில் ஃபியூஸ் போனால்: டெல்டா வண்டிக்காரர்கள் சொன்ன அனுபவங்கள்

வடுவூர், நெல் மூட்டை ஏற்றும் வண்டியின் உரிமையாளர்:

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஐப்பசியில் எங்கள் பக்கத்துப் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. வருடம் முழுவதும் மறைந்திருந்த வயரிங் கோளாறுகள் வெளியே வருவதும் அப்போதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிச் சென்ற ஒரு மாலையில், பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் முந்திவந்து நிறுத்தி, "பிரேக் போடுறது தெரியவே இல்லைங்க, லைட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தபோது பிரேக் லைட்டுக்குரிய 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போயிருந்தது. மூட்டைகளை இறக்கியபின் புதியது ஒன்றைப் போட்டேன். வீடு திரும்பும்வரை ஒரு குறையும் இல்லை. அடுத்த நடைக்குப் பாரம் ஏற்றிப் பிரேக்கை மிதித்ததும் அதுவும் போயிற்று.

காலி வண்டியில் நிற்கிற ஃபியூஸ் பாரம் ஏறினால் மட்டும் போகிறது என்றால், கோளாறு பல்பிலோ சுவிட்சிலோ இல்லை, பாரத்தால் இடம் மாறுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதே பட்டது. ஆனால் வழியில் இருந்த ஒரு கடையில், 10 போட்டால் போய்க்கொண்டேதான் இருக்கும், 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸைப் போட்டு ஓட்டுங்கள் என்றார்கள். நான் இணங்கவில்லை. ஃபியூஸ் பல்பைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. அந்த வயரின் பருமனுக்கு எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று கணக்கிட்டு 10 என்று வைத்திருக்கும்போது, அங்கே 20 போட்டால், வயர் பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிற நேரத்தில் ஃபியூஸ் உருகுவதற்கு முன் வயரின் மேலுறை உருகத் தொடங்கலாம். அதுவும் ஒற்றை வயர் அல்ல, பத்துப் பதினைந்து வயர்களோடு ஒரே கட்டாகச் சேஸிஸை ஒட்டி, சில வண்டிகளில் டீசல் குழாய்க்குப் பக்கத்திலேயே, ஓடுகிற வயர்.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பிரேக் லைட் பல்பு ஒன்று 21 வாட். இரண்டுக்கும் 42 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் மூன்றரை ஆம்பியர். மூன்றரை ஆம்பியர் வேலைக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். அப்படியிருந்தும் அது உருகுகிறது என்றால், பல்புகளின் வழியாகப் போகாத மின்னோட்டம் வேறெங்கோ நேராகப் பாடியில் இறங்குகிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கழற்றிய ஃபியூஸும் அதையே காட்டியது: நடுவிலுள்ள தகடு மெல்ல அறுந்திருக்காமல், தெறித்து, பிளாஸ்டிக்கின் உட்புறம் கறுத்துப் போயிருந்தது.

கண்டுபிடித்த முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. பழைய 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, அதிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, முனைகளில் ஃபியூஸ் காலின் அகலத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்துக்கொண்டேன். பின்விளக்குப் பல்புகள் இரண்டையும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருந்த இடத்தில் இந்தப் பல்பைச் செருகினேன். இப்போது வயர் எங்கேனும் பாடியைத் தொட்டால் ஃபியூஸ் வெடிக்காது, பல்பு பளிச்சென்று எரியும். ஷார்ட் விலகினால் அணைந்துவிடும். பல்பு இரண்டு ஆம்பியருக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடுவதால் வயருக்கும் ஆபத்தில்லை. மூட்டை ஏற்றிய நிலையிலேயே, சமதரையில், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டு, தம்பியைப் பிரேக்கில் கால் வைக்கச் சொன்னேன். பல்பு எரிந்தது. ஒரு மூங்கில் குச்சியால் பின்பக்கத்து வயரிங்கை ஒவ்வோர் இடமாகத் தூக்கிக்கொண்டே வந்தேன். பின் அச்சுக்கு மேலே வந்தபோது, "அண்ணே, அணைஞ்சிடுச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

வயரிங்கைச் சேஸிஸோடு பிடித்திருந்த கிளிப் ஒன்று கழன்று விழுந்திருந்தது. காலி வண்டியில் அந்த வயருக்கும் கீழேயுள்ள ஸ்பிரிங் பட்டைக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. நாற்பது கிலோ மூட்டைகள் வரிசையாக ஏறியதும் பட்டை அமுங்கி, அதைக் கட்டியிருக்கும் யூ போல்ட்டின் முதுகு வயரைத் தொட்டிருக்கிறது. தொட்டுத் தொட்டு மேலுறை தேய்ந்து, ஒரு நெல்மணி அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றி, ஸ்லீவ் போட்டு, நெளிகுழாய்க்குள் நுழைத்து, சேஸிஸின் மேல்விளிம்போடு கட்டினேன். வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் எங்கள் களிமண் சேற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கழற்றும்போது நெகடிவ்வை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் மாட்ட வேண்டும். இல்லையெனில் பாசிடிவ்வில் இருக்கிற ஸ்பேனர் தப்பித்தவறிப் பாடியில் பட்டால் அங்கேயே பொறி பறக்கும்.

உப்பு ஏற்றுபவர், வேதாரண்யம்:

வடுவூர் அண்ணன் சொன்னது சேற்றுக் கதை; எங்கள் கடைமடையில் கதை வேறு. அகத்தியம்பள்ளி உப்பளங்களிலிருந்து பாரம் ஏற்றும் வண்டிகளில் ஃபியூஸ் உருகுவதைவிட, உருகாமலேயே தொல்லை கொடுப்பதுதான் அதிகம். சென்ற மழைக்காலத்தில் என் வண்டியில் இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்னாலுள்ள பார்க் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டியது. பிரேக்கை மிதித்தால் இரண்டும் மங்கின. பார்த்தவர்கள் இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃப்ளாஷரை மாற்று, சுவிட்சை மாற்று என்றார்கள். ஒரு பல்பின் மின்னோட்டம் தன் எர்த் (பாடியோடு சேரும் இணைப்பு) வழியாகத் திரும்ப முடியாதபோது, அடுத்த பல்பின் இழை வழியாகப் புகுந்து வெளியேறப் பார்க்கும். ஆகவே இப்படிச் சேர்ந்து சிமிட்டும் விளக்கைக் கண்டால் நான் முதலில் தேடுவது எர்த் போல்ட்டைத்தான்.

அது பின்விளக்குக்குப் பின்னால், உப்புநீர் வழிந்து நிற்கும் மூலையில் இருந்தது. போல்ட்டைக் கழற்றியபோது வாஷர் துருவாக உதிர்ந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள், விளக்குகளை எரியவிட்டு, பேட்டரி நெகடிவ்வுக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. என் வண்டியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உப்புத்தாளால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, புதிய போல்ட்டும் பல்வாஷரும் போட்டு இறுக்கியபின், மேலே வாசலின் தடவினேன்.

அதோடு ஃபியூஸ் பாக்ஸையும் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பார்வைக்கு நல்லதாக இருந்த 15 ஆம்பியர் நீல ஃபியூஸ் ஒன்றின் கால்களில் பச்சை பூத்து, ஒரு காலைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகியிருந்தது. தகடு அறவில்லை, கால் சரியாகப் பிடிக்காத இடத்தில் சூடு ஏறி ஏறி இளகியிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஃபியூஸை மாற்றினால் மட்டும் போதாது, அது செருகும் பிடியையும் சுத்தம் செய்து, தளர்ந்திருந்தால் அந்தப் பிடியை மாற்ற வேண்டும். முன்கண்ணாடி ரப்பரின் ஓரமாக மழைநீர் கசிந்து உள்ளே இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். உப்பு நடை முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது எங்களுக்குக் கட்டாயம், ஆனால் வாட்டர் சர்வீஸில் பானட்டைத் திறந்து அழுத்தத் தண்ணீரை ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் அடிக்க நான் விடுவதே இல்லை.

வாழை இலை வியாபாரம் செய்பவர், திருவையாறு:

வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் பெரும்பாலும் நான்தான். விடியற்காலை தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். பக்கத்தில் நின்ற வண்டியில் ஹாரனும் வைப்பரும் ஒருசேர நின்றுபோக, அதன் ஓட்டுநர் உருகிய ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகினார். ஹாரன் அடித்தது. அவரும் மகிழ்ச்சியோடு தேநீர் குடிக்கப் போய்விட்டார். சிறிது நேரத்தில் டேஷ்போர்டின் கீழிருந்து பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தது. பிறகு நூல் போலப் புகை. சாவியைத் திருப்பி அணைத்தும் புகை நிற்கவில்லை, ஏனெனில் ஹாரனுக்குச் சாவி இல்லாமலும் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஓடிவந்து பேட்டரி முனையைப் பிடுங்கி எடுத்தபின்தான் அடங்கியது. கைப்பிடி அளவுக்கு வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. பத்து ரூபாய் பெறாத ஒரு பொருளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளாததற்கு அவர் டேஷ்போர்டு வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த வண்டிக்கு முதலில் ஷார்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எலி. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருப்பார்கள். வயலில் தீனி தீர்ந்ததும் எலி ஊருக்குள் வருகிறது. எஞ்சின் சூட்டுக்குப் பானட்டுக்குள் ஏறுகிறது. நான் வைக்கோல் போரிலிருந்து தள்ளித்தான் நிறுத்துகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் தூக்கி, புழுக்கையோ கடித்த துணுக்குகளோ கிடக்கின்றனவா என்று பார்க்கிறேன். பானட் திறந்திருக்கும்போதே எஞ்சின் ஆயிலையும், எஞ்சின் குளிர்ந்திருப்பதால் கூலண்ட்டையும் பார்த்துவிடுவது வசதி. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை எங்கள் ஊரிலேயே காட்ட முடியும். சைலன்சரில் சிக்கிய வைக்கோலையும் அப்போதே இழுத்து எறிந்துவிட வேண்டும். அறுவடைத் தூசிக்கு ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் சொல்லியதைவிடச் சீக்கிரமே தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிப்பதையும் விடுவதில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு கேள்வி:

பழைய வண்டியை இப்போதுதான் வாங்கியிருக்கிறேன். ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலுள்ள படம் அழிந்துவிட்டது. எந்தெந்த ஃபியூஸ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்? ஹெட்லைட் இரண்டும் ஒரே நேரத்தில் போனால் என்ன செய்வது, அண்ணன்மார் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடுவூரிலிருந்து பதில்:

தம்பி, முதலில் இப்போது இருக்கிற நிலையிலேயே ஃபியூஸ் பாக்ஸைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்பு வைத்திருந்தவர் எந்த இடத்தில் எதைச் செருகினார் என்பது தெரியாது. ஆகவே அந்த மாடலின் உரிமையாளர் கையேட்டோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். நிறத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம்: 5 ஆம்பியர் இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. நிறம் ஒன்றாக இருந்தாலும் சாதாரண அளவும் மினி அளவும் வேறு வேறு. உங்கள் வண்டியில் ஒன்றைப் பிடுங்கிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். வழியில் கையிருப்பு தீர்ந்துவிட்டால், அதே நிறத்தில் ரேடியோவுக்கு இருக்கிற ஃபியூஸைத் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளலாம், ரேடியோ பாடாமல் வீடு வந்து சேரலாம்.

போயிற்றா என்று பார்ப்பதற்குப் பிடுங்கவே வேண்டாம். டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டி, சாவியைப் போட்டு, அந்த இணைப்பின் சுவிட்சையும் போட்டுவிட்டு, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு சிறு புள்ளிகளிலும் முனையை வையுங்கள்: இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது, இரண்டிலும் எரியாவிட்டால் மின்சாரமே அங்கு வரவில்லை.

ஒரு ஹெட்லைட் மட்டும் அணைந்தால் பல்பையும், இருபுறத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் உள்ள வண்டியென்றால் அந்தப் பக்கத்து ஃபியூஸையும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக அணைந்தால், சுவிட்சின் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சிறு பெட்டியான ரிலேயின் மீதுதான் எனக்கு முதல் சந்தேகம். ஹாரன் ரிலேயின் மேல் அச்சிட்ட எண்ணும் ஹெட்லைட் ரிலேயின் எண்ணும் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். விளக்கு எரிந்து ஹாரன் நின்றால் ரிலேதான் போயிருக்கிறது. 60 வாட் பல்பு இரண்டுக்கு 10 ஆம்பியர் மின்னோட்டம் போகிற இடத்தில், அதிக வெளிச்சம் வேண்டும் என்று 100 வாட் பல்புகளை முன்பிருந்தவர் மாட்டியிருந்தால் ரிலேயும் பிடிகளும் வெந்துபோயிருக்கும், அதையும் கழற்றிப் பாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் போல்ட் வைத்து இறுக்கியிருக்கும் பெரிய மெயின் ஃபியூஸ் போயிருந்தால் மட்டும் சாலையோரத்தில் நீங்களே மாற்ற வேண்டாம். நெகடிவ்வைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். அது தானாகப் போகிற ஃபியூஸ் அல்ல, பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் வயர் போன்ற ஓரிடத்தில் பெரிய ஷார்ட் ஒன்று இருக்கும்.