ஒரே பெட்டிக்குள் இரண்டு வகை ஸ்பீக்கர்: எங்கள் அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

கோயில் திருவிழாக்களில் மேளக்கச்சேரி முடிந்தபின் மேடையேறும் இசைக்குழு ஒன்றில் மின்கிற்றார் வாசிக்கிறேன். என்னுடைய 30 வாற்று வால்வு அம்பிளிபயருக்கு, செலஸ்ரியன் நிறுவனத்தின் வின்ரேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு பூட்டிய பெட்டியை நெடுநாளாகப் பயன்படுத்தி வந்தேன். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்ற ஒருநாள் அவற்றில் ஒன்றின் கூம்பு கிழிந்துவிட்டது. அதே வகையைத் திரும்ப வாங்காமல், லண்டனிலிருந்து வந்த அத்தானிடம் சொல்லி அதே நிறுவனத்தின் ஜி12எம் கிறீன்பாக் என்ற ஸ்பீக்கர் ஒன்றை எடுப்பித்தேன். வின்ரேஜ் 30 இன் ஒலியில் 2 முதல் 3 கிலோஹேர்ட்ஸ் வரையில் எழும் கூர்மை, பாடுபவரின் குரலோடு மோதுவது எனக்குப் பெருங்குறையாக இருந்தது. கிறீன்பாக்கின் மென்மை அதைத் தணிக்கும் என்று நம்பினேன். இரண்டும் 16 ஓம் மின்தடை கொண்டவை என்பதால், சமாந்தரமாக இணைத்து அம்பிளிபயரின் 8 ஓம் துளையில் செருகினேன்.

முதல் ஒத்திகையிலேயே அடித்தொனி காணாமற் போயிருந்தது. புது ஸ்பீக்கர் பழுது என்றே எண்ணி இரண்டு நாள் மனம் நொந்தேன். பிறகு இரு முனைகளிலும் 1.5 வோல்ற் பற்றரியைத் தொட்டுப் பார்த்தபோது, ஒரு கூம்பு வெளியே வர மற்றது உள்ளே போயிற்று; வயர் மாறிப் பூட்டப்பட்டிருந்தது. கிற்றாரின் தடித்த தந்தி எழுப்பும் 82 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீற்றருக்கும் அதிகம். அரை மீற்றருக்குள் இருக்கும் இரு கூம்புகளில் ஒன்று காற்றைத் தள்ள மற்றது இழுத்தால், அந்த ஒலி எங்கே நின்று கேட்டாலும் பெரும்பாலும் அழிந்துவிடும். முனையின் நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பு முனைக்கு நேர்மின் கொடுத்தால் கூம்பு உள்ளே போகும்.

வயரைத் திருத்தியபின் கிடைத்த ஒலி நான் எதிர்பார்த்ததைவிட அழகாக இருந்தது. ஆனாலும் அது பாதிக்குப் பாதிக் கலவை அன்று. வின்ரேஜ் 30 இன் உணர்திறன், அதாவது ஒரே வலுவுக்கு அது தரும் சத்தம், 100 டெசிபெல், கிறீன்பாக்கினது 98. இந்த 2 டெசிபெல் வேறுபாடு ஏட்டில் சிறிதாகத் தெரிந்தாலும், சத்தம் கூடிய ஸ்பீக்கரே கலவையை ஆள்கிறது. ஸ்பீக்கர் தெரிவு செய்பவர்கள் வாற்றையும் பெயரையும் பார்க்குமுன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பேன்.

அதைவிடப் பெரிய பாடம் திருவிழா மேடையில் கிடைத்தது. ஒலி அமைப்பவர் ஒரேயொரு மைக்கை வின்ரேஜ் 30 இன் முன்னால் வைத்துவிட்டார்; சனம் கேட்டது அதை மட்டும்தான். இப்போது பெட்டியின் முன்துணியின் மேல் சுண்ணக்கட்டியால் இரு கூம்புகளின் நடுவையும் குறித்து வைக்கிறேன். இரண்டு மைக் இருந்தால் இரண்டையும் ஒரே தூரத்தில் வைக்கச் சொல்வேன். ஒன்றுதான் என்றால் அது கிறீன்பாக்கிற்கு.

முள்ளியவளையிலிருந்து:

அண்ணா, நான் கையில் கிடைத்த 8 ஓம் ஸ்பீக்கரையும் 16 ஓம் ஸ்பீக்கரையும் சமாந்தரமாகப் பூட்டினேன். மொத்தம் ஏறத்தாழ 5.3 ஓம், என் ரான்சிஸ்ரர் அம்பிளிபயர் 4 ஓம் வரை தாங்கும் என்பதால் அதற்குக் கேடில்லை. ஆனால் 8 ஓம் ஸ்பீக்கர் மற்றதைப்போல் இரண்டு மடங்கு வலுவை எடுத்துக்கொண்டது. உணர்திறன் ஒத்த இரண்டாக இருந்தும் ஒன்று 3 டெசிபெல் முந்தி ஒலித்ததன் காரணம் அதுதான்.

வவுனியாவிலிருந்து:

தம்பி, 25 வாற்று கிறீன்பாக்கையும் 60 வாற்று வின்ரேஜ் 30 ஐயும் சேர்த்தால் 85 வாற்று தாங்கும் என்று யாரும் கூட்டிப் பார்த்துவிட வேண்டாம். ஓம் ஒன்றாக இருக்கையில் வலு சரிபாதியாகப் பிரிவதால், குறைந்ததன் இரட்டிப்பான 50 வாற்றுதான் எல்லை. நான் 50 வாற்று வால்வு அம்பிளிபயரில் இதே சோடியைப் பூட்டினேன். வால்வுகள் கரகரக்கும் அளவுக்கு ஏற்றும்போது அது குறித்த வாற்றுக்கு மேலேயே கொடுக்கும் என்பதை, கிறீன்பாக்கின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் எரிந்த பிறகே உணர்ந்தேன். தொடராக இணைத்திருந்தவர்கள் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும்: ஒன்று எரிந்து சுற்று அறுந்தால் மற்றதும் நின்றுவிடும், வால்வு அம்பிளிபயர் சுமையின்றி ஓடி அதன் வெளியீட்டு மாற்றியும் (ரான்ஸ்போமர்) பழுதாகலாம். உங்களுடைய 30 வாற்றுக்கு அந்தச் சோடி போதும்.

கிளிநொச்சியிலிருந்து:

நன்றி அண்ணா. 50 வாற்று அம்பிளிபயர் ஒன்றுக்கு மாற எண்ணியிருந்தேன். கிறீன்பாக்கின் இடத்துக்கு வேறொன்று கிடைக்கும்வரை மாறப்போவதில்லை.